தொழிற்சங்கக் கட்டம்

கொட்டகலை

அன்பின் ரவி மச்சானுக்கு,

உன் கடிதம் பதினொரு நாள் கழித்து வந்து சேர்ந்தது. தோட்டத்து ஆபீசில் கிடந்ததைப் பக்கத்துக் காம்பரா மாமா எடுத்து வந்தார். உறையின் வாய் திறந்திருந்தது. மழையில் பிரிந்ததோ, கைதான் பிரித்ததோ. வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பரா அறைக்கென்று தனி முகவரி இல்லாதவரை இப்படித்தான்.

போன வாரம் விபரம் எடுக்க ஒருவர் வந்தார். நிவாரணப் பட்டியலைப் புதுப்பிக்கிறார்களாம். அடையாள அட்டை இலக்கம், பேங்க் புத்தகம், சரி. அப்புறம் அம்மாவின் நோய், குவைத்தில் இருக்கும் தங்கச்சியின் போன் நம்பர், வீட்டில் யார் எந்தத் தொழிற்சங்கம் என்று போய்க்கொண்டே இருந்தது. அட்டைகளைத் தன் சொந்தப் போனிலேயே படம் பிடித்தார். "சங்கம் எதுக்கு சேர்?" என்றேன். "கட்டம் இருக்கு, நிரப்பணும்" என்றார். அதை மட்டும் வெறுமையாக விடச் சொன்னேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்: "குடுத்துரு தம்பி, பேரு விடுபட்டுரும்."

அம்மாவைக் குறை சொல்ல முடியுமா? 1948இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, தன் அப்பா இங்கே பிறந்தார் என்று காட்டத் தாத்தாவிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. அம்மாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்ததே, இந்திய வம்சாவளியினருக்கு அதைக் கொடுத்த 2003 சட்டத்துக்குப் பிறகுதான். பட்டியலில் பெயர் இல்லாமல் போவதுதான் நம் வீட்டுப் பேய். அதைக் காட்டி நம்மிடம் எதையும் கேட்டு வாங்கலாம், மச்சான்.

எதற்கென்று சொல்லித்தான் விபரம் எடுக்க வேண்டும், தேவைக்கு மேல் எடுக்கக்கூடாது என்கிறது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். அரசாங்க அலுவலகங்களுக்கும் அது பொருந்தும். ஆனால் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வரும் நாளைத் தள்ளிப்போட்டார்கள். டிஜிட்டல் அடையாள அட்டைக்குக் கண், விரல், முகம் எல்லாம் எடுக்கும் ஏற்பாடு மட்டும் நிற்கவில்லை. அட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொடுக்கும் இடத்தில் பூட்டு இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.

2016 தகவல் அறியும் சட்டம் கையில் இருக்கிறதே. அந்தப் படிவம் யார் யாருக்குப் போகிறது, சங்கக் கட்டம் எந்த உத்தரவில் வந்தது என்று கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

பதிலுக்கு உன் கொழும்பு வெள்ளவத்தை முகவரியைத்தான் கொடுத்தேன், கோபிக்காதே. வந்ததும் நீயே பிரித்துப் படித்துவிட்டு எனக்கு ஒரு கோல் எடு.

அன்புடன்,
செல்வம்