பதினோரு மணிக் கூட்டத்துக்கு யார் வருவார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் கடிதப் பகுதியில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் மனம் நொந்து எழுதியிருந்தார். 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் மாநிலம் முழுக்க 60 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டபோது சென்னை 44 சதவீதத்தைக்கூட எட்டவில்லை, வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபா கூட்டம் போட்டால் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன, சென்னைக்காரர்களுக்கு அரசியல் அக்கறை செத்துப்போய்விட்டது என்று முடித்திருந்தார். அவர் தந்த கணக்கில் பிழை இல்லை. அதை வைத்துக்கொண்டு எங்களுக்கு அக்கறையே கிடையாது என்று சொன்னதைத்தான் என்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

நான் புளியந்தோப்பில் இருக்கிறேன். வீட்டிலேயே மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை, ரவிக்கை தைக்கிறேன். கணவர் லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கிறார். மாமியார் எழுந்து நடமாட முடியாமல் படுக்கையில் இருக்கிறார். இத்தனைக்கும் நடுவில், பல வருடங்களாக எங்கள் தெருமுனைப் படிப்பகத்தின் பலகையில் ஒரு சார்ட் பேப்பர் எழுதி ஒட்டி வருகிறேன். அதில் சினிமா கிடையாது, ராசிபலன் கிடையாது. எங்கள் வார்டு அரசியல் மட்டும்தான். மாநகராட்சி மாமன்றத்தில் என்ன தீர்மானம் போட்டார்கள், மழைநீர் வடிகால் எந்தத் தெருவரைக்கும் வருகிறது, போன மாதம் தருவதாகச் சொன்னது என்ன ஆயிற்று என்று கறுப்பு ஸ்கெட்ச் பேனாவில் எழுதுவேன். கேள்விகள் மட்டும் சிவப்பில். எந்தக் கட்சியையும் வசைபாடுவதில்லை. எழுதியதை எங்கிருந்து தெரிந்துகொண்டேன் என்பதைக் கடைசி வரியில் கட்டாயம் போட்டுவிடுவேன்.

ஆட்டோ ஸ்டாண்டுத் தம்பிகள் படிக்கிறார்கள். படிக்கத் தெரியாத பூக்கார அம்மாவுக்கு யாராவது சத்தமாகப் படித்துச் சொல்கிறார்கள். ஒரு வாரம் ஒட்டவில்லை என்றால் "இன்னாக்கா, இந்த வாரம் தாளே காணோம்?" என்று வீட்டு வாசலுக்கே வந்து கேட்கிறார்கள். அக்கறை இல்லாத ஜனங்கள் இப்படிக் கேட்பார்களா என்று அந்தப் பெரியவர்தான் சொல்ல வேண்டும்.

சரி, அப்படியானால் கூட்டத்துக்கு ஏன் வருவதில்லை? எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். தண்ணீர் விடியற்காலையில் வரும். நாலு மணி என்றால் மூன்றரைக்கே குடங்களை அடிபம்பு வரிசையில் வைத்தாக வேண்டும். என்றைக்கு நாலு மணி, என்றைக்கு ஆறு மணி என்பது வந்த பிறகுதான் தெரியும். அப்புறம் சமையல், பிள்ளைகள், பெரியவர்களுக்கு மருந்து. ஏழரைக்கெல்லாம் பாதித் தெரு வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் கிளம்பிவிடுகிறது. மாலையில் திரும்பி வந்தால் ரேஷன், காஸ் சிலிண்டர், பள்ளிக்கூடத்தில் கேட்ட சான்றிதழ். இந்தத் தெருவுக்கான கூட்டத்தை வேலைநாள் காலை பதினோரு மணிக்கு வைத்தால் யார் வருவார்கள்? போன தடவை எங்கள் பக்கம் அப்படித்தான் நடந்தது. நடந்த விஷயமே எனக்கு மறுநாள்தான் தெரியும், அதுவும் காலி டீ கப்புகளை அள்ளிய அம்மா சொல்லித்தான். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் ஒதுக்கியிருக்கிறோம். நல்லது. நாற்காலியில் உட்காருபவர் பெண் என்றால், எதிரே கேள்வி கேட்கிற பெண்ணும் வரக்கூடிய நேரமாக அது இருக்க வேண்டாமா?

எனக்கு நேரம் கிடைப்பது எப்போது என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் 2 மணி வரை மின்சாரத்தை நிறுத்துகிறார்களே, அன்றைக்குத்தான். மோட்டார் மெஷின் ஓடாது. மாமியாருக்கு விசிறிக்கொண்டே, இன்னொரு கையால் தாளுக்கு வேண்டியதைக் குறிப்பெடுப்பேன். நின்றுபோன தையலை ராத்திரி உட்கார்ந்து முடிக்க வேண்டும், அது வேறு. மற்ற நாட்களில் துண்டு துண்டாகத்தான் எழுத முடியும். குக்கர் சத்தம் வந்தால் வாக்கியம் பாதியில் நிற்கும், அளவு கொடுக்க ஆள் வந்தால் இன்னொரு வாக்கியம் நிற்கும். ஆனால் நான் எழுதுகிற விஷயமே இப்படிப்பட்ட இடையூறுகளில் இருந்துதான் வருகிறது. பம்பில் அடித்த தண்ணீர் ஒரு மாதமாகச் சாக்கடை நாற்றம் அடித்தது. துணி ஊறவைக்கக்கூட ஆகவில்லை. அன்றைக்குத் தையலை விட்டுவிட்டுப் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். பழைய குழாயை மாற்ற ஒப்புதல் கிடைத்துவிட்டதா, எப்போது வேலை தொடங்கும் என்று இரண்டே கேள்வி. மனு போட்ட அலுவலகம், இது எங்களைச் சேர்ந்தது இல்லை என்று ஒரு வரியில் பதில் அனுப்பியது.

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6(3) பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? தமக்குச் சம்பந்தம் இல்லாத மனு வந்தால் ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே அனுப்பி வைத்து, மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும். இதை வார்த்தைக்கு வார்த்தை எழுதி முதல் மேல்முறையீடு செய்தேன். பதில் வந்தது. குழாய் மாற்ற ஒப்புதல் முன்பே கிடைத்திருக்கிறது, வேலைதான் தொடங்கவில்லை. அந்தப் பதிலை அப்படியே பலகையில் ஒட்டினேன். ஒட்டிய அன்று சாயந்திரமே எங்கள் தெருப் பெண்கள் பதினைந்து, இருபது பேர் அந்தத் தாளின் ஜெராக்சைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கப் போனார்கள். யாரும் கூப்பிடவில்லை. அவர்களே போனார்கள்.

எங்கள் பகுதிக்கு இது புதிதும் இல்லை. பின்னி துணி மில் புகைபோக்கியைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் தொடங்கியது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். அதற்கு முன்பே செல்வபதி செட்டியார் என்ற வியாபாரியின் கடையில் வேலை விட்டு வந்த தொழிலாளர்கள் கூடித் தங்கள் கஷ்டத்தைப் பேசியிருக்கிறார்கள். அவர்கள் முதலில் சொன்ன குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு விடும் அரை மணி நேரம் போதவில்லை என்பது. நேரத்தைக் கேட்டுத் தொடங்கிய சங்கம் அது. இன்று எங்கள் மாநகராட்சி மண்டலத்துக்கே திரு.வி.க. நகர் என்றுதான் பெயர். சாப்பிடக்கூட நேரம் இல்லாதவர்களைத் தேடி, அவர்களுக்கு ஓய்வு கிடைத்த வேளையில் அன்றைய தலைவர்கள் வந்தார்கள். பதினோரு மணிக்கு வரச் சொல்லிவிட்டு வரவில்லையே என்று குறைப்படவில்லை.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்துப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகை முன்பு 1-ஆம் தேதி முதல் உட்கார்ந்தார்கள். 13-ஆம் தேதி உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது, அன்று நள்ளிரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். அவர்களில் பலர் எங்கள் அக்கம்பக்கத்துப் பெண்கள். அந்த நேரம் பார்த்து மாமியாரைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். வார்டு வராந்தாவில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதினேன். மாமன்றம் எதற்கு ஒப்புதல் கொடுத்தது, 23,000 ரூபாய் அளவில் இருந்த சம்பளம் 17,000 அளவுக்கு இறங்கும் என்று தொழிலாளர்கள் ஏன் சொல்கிறார்கள், நீதிமன்றம் சொன்னது போராட்டத்தைப் பற்றியா, போராடிய இடத்தைப் பற்றியா என்று பிரித்துப் பிரித்து எழுதினேன். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் வந்து நோட்டை வாங்கிப்போய் சார்ட்டில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள். ராத்திரி பத்து மணிக்குப் போன் டார்ச் அடித்து நின்று படித்தார்கள் என்று மறுநாள் சொன்னாள். கிடைக்கிற நேரம் அதுதான். அந்த நேரத்தில் அவர்கள் அரசியல் படிக்கத் தயார்.

வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி தொடங்கியபோதும் இதே கதை. 2002, 2005 பட்டியலில் உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருக்கிறது என்று படிவம் கேட்டது. கல்யாணமாகி வந்த பெண்கள் பிறந்த வீட்டுத் தொகுதியைத் தேட வேண்டும். கால்வாய்க் கரையில் இருந்து பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்குப் போனவர்கள், எந்த முகவரியில் எழுதுவது என்று தெரியாமல் பழைய தெருவுக்கே ஓடி வந்தார்கள். படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் பெரிதாக வரைந்து, இங்கே இதை எழுது என்று ஒட்டினேன். டிசம்பர் முதல் வாரத்து மழையில் மை கரைந்து வழிந்துவிட்டது. வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்று அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, மறுபடி எழுதி, ரவிக்கைத் துணி வந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்து மேலே போர்த்தினோம். 19-ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்தபோது தெருவே பலகை முன்னால் நின்று பெயர் இருக்கிறதா என்று ஒருவருக்கொருவர் பார்த்துச் சொன்னது.

இதையெல்லாம் நான் பெருமைக்குச் சொல்லவில்லை. என்னைப் போல ஒவ்வொரு தெருவிலும் யாராவது இருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது தகவலும் முன்னறிவிப்பும்தான். பகுதி சபாவுக்கு 2022-இல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் அன்றைய முதல்வர் மு.க.ஸ்டாலினே பம்மலில் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்தார். அந்த மரியாதை எங்கள் கூட்டங்களுக்கும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையோ, வேலைநாள் என்றால் இரவு ஏழு மணிக்கு மேலோ வையுங்கள். ஒரு வாரம் முன்னால் ரேஷன் கடையிலும் அடிபம்பு பக்கத்திலும் நோட்டீஸ் ஒட்டுங்கள். போன கூட்டத்தில் என்ன கேட்டார்கள், அதற்கு என்ன நடந்தது என்பதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி முதலிலேயே கொடுங்கள்.

இதை நான் இப்போது அவசரமாக எழுதக் காரணம் உண்டு. 2022 மார்ச்சில் பதவியேற்ற மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. இதற்கு முந்தைய மன்றம் 2016 அக்டோபரில் முடிந்த பிறகு ஐந்து வருடத்துக்கும் மேல் எங்களுக்குக் கவுன்சிலரே இல்லை. வர்தா புயல், 2019 தண்ணீர்ப் பஞ்சம், கொரோனா மூன்றும் அந்தக் காலத்தில்தான் வந்தன. பஞ்சத்தில் லாரித் தண்ணீருக்காக யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்றே தெரியாமல் குடங்களோடு நின்றிருக்கிறோம். அந்த நிலைமை திரும்பக் கூடாது. தேர்தல் தள்ளிப்போனால் எங்கள் தெரு கேள்வி கேட்க வேண்டும், அப்படிக் கேட்பதற்கு இப்போதிருந்தே கூடிப் பேசியிருக்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பத்திரிகையில் நாளைய மின்தடைப் பகுதிகள் என்று ஒரு கட்டம் வருகிறதே, அதைத்தான் எங்கள் தெரு முதலில் படிக்கிறது. அதன் பக்கத்திலேயே நான்கு வரி இடம் ஒதுக்கி, அந்த வாரம் எந்த வார்டில் எத்தனை மணிக்குப் பகுதி சபா, எங்கே என்று போடுங்கள். மாமன்றக் கூட்டம் நடந்த மறுநாள், அதில் நிறைவேறிய வார்டுத் தீர்மானங்களையும் போடுங்கள். பலகையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
புளியந்தோப்பு, சென்னை - 12.