யாருக்கு இருக்கிறது என்று கேட்காதீர்கள்: டெல்டா கிராம சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

கிராம சபையை நடத்துகிற பெரியவர்களுக்கும் ஊராட்சிச் செயலாளர்களுக்கும் வணக்கம்.

எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தருகிற நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். எச்.ஐ.வி. பற்றிப் பேச ஊருக்குள் வந்தால், யாராவது ஒருவர் ஓரமாகக் கூப்பிட்டு, "நம்ம ஊர்ல யாருக்கும்மா இருக்கு?" என்று கேட்கிறார். சொல்ல மாட்டேன். சம்மதம் இல்லாமல் அதை வெளியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமே சொல்கிறது. இந்தக் கேள்விக்குப் பயந்துதான் மன்னார்குடிக்காரர் பரிசோதனைக்குத் திருச்சிக்குப் பஸ் ஏறுகிறார். பலர் எங்குமே போவதில்லை. இருப்பதே தெரியாவிட்டால் மருந்தும் கிடையாது, துணைக்கும் பரவும்.

போன சம்பா நடவின்போது ஒரு வயலில் பார்த்தேன். வரப்பில் எல்லோருக்கும் ஒரே தண்ணீர்ச் சொம்பு. ஒரு பெண்ணுக்கு மட்டும் தனியாக ஒரு பிளாஸ்டிக் பாட்டில், அதுவும் நாலு அடி தள்ளி. அவர் கணவர் எதனால் இறந்தார் என்று ஊரில் ஒரு பேச்சு, அவ்வளவுதான். நாற்று முடியைக்கூட அவர் கையில் கொடுக்காமல் கீழே போட்டார்கள். இன்னும் என்னால் அதை மறக்க முடியவில்லை.

சொம்பால் பரவாது. ஒரே வயல் தண்ணீரில் நின்றாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், கொசு கடித்தாலும் பரவாது. ரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், தாய்ப்பால் வழியாகத்தான் பரவும். பெரும்பாலும் ஆணுறை இல்லாத உடலுறவில். ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போட்டாலும் பரவும். திருவிழாக் கடையில் பச்சை குத்துகிறவரிடம் புது ஊசியைப் பிரிக்கச் சொல்லிப் பாருங்கள்; தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆணுறை என்ற சொல்லைச் சபையில் சொல்லக் கூச்சம் இருக்கும், எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கிறது.

தொற்றியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சீக்கிரம் போகப் போக நல்லது. 28 நாள் மருந்து சாப்பிட்டால் தொற்றைத் தடுக்க வாய்ப்பு அதிகம். பலர் ஒரு வாரம் கழித்து அழுதுகொண்டு வருகிறார்கள், அப்போது அந்த மருந்து பயன்படாது. பரிசோதனையும் அப்படித்தான்: தொற்றிய புதிதில் தெரியாமல் போகலாம், 3 மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு முதல் பரிசோதனையிலேயே இதையும் பார்க்கிறோம். சிகிச்சை இல்லாவிட்டால் நூற்றில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றலாம்; தாய்க்கும் பிள்ளைக்கும் சரியாக மருந்து கொடுத்தால் அது 5க்கும் கீழே வந்துவிடும். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. சபையில் வேறு எதைச் சொல்ல மறந்தாலும் இதை விட்டுவிடாதீர்கள். வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறவரைத்தான் ஊர் ஒதுக்கி வைக்கிறது.

நவம்பர் 1 கிராம சபையில் இதற்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள், நாங்கள் வருகிறோம். அதுவரை எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணை ரேஷன் கடைச் சுவரிலும் நெல் கொள்முதல் நிலையத்திலும் பெரிதாக எழுதி வையுங்கள். பெயர் சொல்லாமலே பேசலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு ஆலோசகர், திருவாரூர் மாவட்டம்