மார்ச் 17-க்கு லீவு போடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

மார்ச் 17, ஐரிஷ்காரர்கள் கொண்டாடும் செயின்ட் பேட்ரிக்ஸ் டே அன்று ஆபீஸ் தோழிகள் காலையிலிருந்தே ஒவ்வொரு பப்பாகப் போகலாம் என்று கூப்பிடுகிறார்கள், போகட்டுமா என்று கேட்டிருந்தாய். சாயங்காலம் போ, தப்பில்லை. பகல் முழுவதையும் அதில் விட்டுவிடாதே. நியூயார்க்கில் இருந்துகொண்டு அந்த நாளைப் பச்சைத் தொப்பியும் பச்சை பீருமாக மட்டும் பார்த்துவிட்டு வந்தாய் என்றால் எனக்கு மனசு ஆறாது. அங்கே அன்றைக்கு அரசு விடுமுறை கிடையாது; இப்போதே லீவு சொல்லி வை.

காலையில் முதலில் பேட்டரி பார்க் சிட்டிக்குப் போ. வெசி தெரு ஹட்சன் ஆற்றங்கரையில் முடியும் இடத்தில் ஐரிஷ் பஞ்ச நினைவிடம் இருக்கிறது. 2002-இல் திறந்தார்கள். அயர்லாந்தின் மேயோ பகுதியில் ஆளில்லாமல் கிடந்த ஒரு கல்வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து, கூரையில்லாமல் அப்படியே எழுப்பியிருக்கிறார்கள். சுற்றிலும் அந்த மண்ணின் புல், செடி, அயர்லாந்தின் 32 கவுண்டிகளிலிருந்தும் (நம் மாவட்டம் மாதிரி) வந்த கற்கள். நிலம் கால் ஏக்கர். அந்த அளவுக்கு ஒரு காரணம் இருக்கிறது. அயர்லாந்தை ஆண்ட பிரிட்டிஷ் அரசு 1847-இல் கொண்டுவந்த சட்டப்படி, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்தவர்களுக்குப் பஞ்ச நிவாரணம் இல்லை. கஞ்சி வேண்டுமா, நிலத்தை விடு என்றார்கள்.

1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதைத் தவிர வேறு சாப்பாடு இல்லை. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் அதிகமானவர்கள் கப்பலேறினார்கள். அந்த வருஷங்களிலும் அயர்லாந்திலிருந்து தானியமும் ஆடுமாடும் ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தன. லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து நிவாரணப் பணத்தை இறுக்கிப் பிடித்த அதிகாரி சார்லஸ் ட்ரெவெல்யன். அதே மனிதர்தான் 1859-இல் நம் சென்னை மாகாணத்துக்கு கவர்னராக வந்தார். அவர் போய்ப் பல வருஷம் கழித்து, 1876-இல் தாது வருஷப் பஞ்சம் வந்தபோதும் இங்கிருந்து தானியம் கப்பலேறியது. அதனால்தான் ஐரிஷ்காரர்களின் கதையை என்னால் வேற்று ஊர்க் கதையாகப் படிக்க முடிவதில்லை. நினைவிடத்தின் மேற்கு ஓரத்தில் நின்று பார்த்தால் தூரத்தில் எல்லிஸ் தீவு தெரியும். 1892 ஜனவரி 1 அன்று அந்தக் குடியேற்ற நிலையத்தில் முதலாவதாகப் பதிவானவள் அயர்லாந்தின் கார்க்கிலிருந்து வந்த ஆனி மூர் என்ற இளம்பெண். கொஞ்ச நேரம் அங்கே நின்றுவிட்டுப் போ.

அப்புறம் செயின்ட் பேட்ரிக்ஸ் டே ஊர்வலம். 1762-இல் தொடங்கியது, அமெரிக்கா சுதந்திரம் அறிவிப்பதற்கு 14 வருஷம் முன்னால். காலை 11 மணிக்கு ஐந்தாம் அவென்யூவில் 44ஆம் தெருவிலிருந்து கிளம்பி 79ஆம் தெரு வரை போகும். அலங்கார வண்டிகள் கிடையாது, எல்லோரும் நடந்தேதான் வருவார்கள். முன்னால் நியூயார்க்கின் 69ஆம் ராணுவப் படைப்பிரிவு, கூடவே ஆளுயரத்துக்கு எழும்பக்கூடிய ஐரிஷ் வேட்டைநாய்கள். தீயணைப்புத் துறையினர், செப்டம்பர் 11-இல் இறந்த தங்கள் ஆட்களுக்காக 343 கொடிகளை ஏந்தி வருவார்கள். அங்கே எனக்குப் பேச்சு நின்றுவிடும். எல்லோரும் பேக்பைப் வாத்தியக் குழுக்களைப் பார்த்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். நீ கவுண்டி சங்கங்கள் வரும்வரை இரு. சொந்த ஊர்ப் பெயர் எழுதிய பதாகைக்குப் பின்னால் வயதானவர்கள் கோட்டும் பச்சை டையுமாக, முதுகு வளையாமல் நடந்து வருவார்கள். என்னைக் கேட்டால், அந்த நாளில் பார்க்கவேண்டியது அதைத்தான்.

ஊர்வலம் போகும் வழியில் செயின்ட் பேட்ரிக்ஸ் கதீட்ரல் பக்கம் நெரிசல் தாங்காது. 6ஆம் நம்பர் ரயிலில் 68ஆம் தெருவில் இறங்கி மேற்கே நடந்தால் சென்ட்ரல் பார்க் ஓரமாக நிம்மதியாக நிற்கலாம். மார்ச் வெயிலை நம்பாதே, காற்று குத்தும். உள்ளே இன்னொரு ஸ்வெட்டர் போடு.

உனக்கு மாதத் தொடக்கத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருந்தால் குயின்ஸில் சன்னிசைடு ஊர்வலத்துக்கும் போ. ஐந்தாம் அவென்யூவில் ஓரினச் சேர்க்கையாளர்கள் தங்கள் பதாகையோடு நடக்க அனுமதி இல்லாத காலத்தில், 2000-இல், எல்லோரும் வரலாம் என்று ஆரம்பித்தது. அந்த மனசு எனக்குப் பிடித்திருக்கிறது. ஐந்தாம் அவென்யூவும் 2015-இலிருந்து கதவைத் திறந்துவிட்டது.

சாயங்காலத்துக்கு மிட்டவுன் வேண்டாம். குயின்ஸில் உட்சைடு, இல்லாவிட்டால் பிராங்ஸில் உட்லான் கட்டோனா அவென்யூ. அங்கே பப் மூலையில் ஒரு மேசையைச் சுற்றி ஃபிடில், டின் விசில், போரான் பறையோடு நாலைந்து பேர் உட்கார்ந்து வாசிப்பார்கள். அதற்கு மேடை கிடையாது, மைக் கிடையாது. அவர்கள் வாசிக்கும்போது சத்தமாகப் பேசாதே.

அன்று அங்கே சாப்பிடும் கார்ன்ட் பீஃப் (உப்பில் ஊறவைத்த மாட்டிறைச்சி) உனக்கு வேண்டாமென்றால் முந்தின நாளே சோடா பிரெட் செய்துவிடு. நாலு கப் மைதா, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு டீஸ்பூன் உப்பு, ஒன்றேமுக்கால் கப் புளித்த மோர். ரொம்பப் பிசையாதே, பிசைந்தால் கல்லாகிவிடும். மேலே சிலுவை மாதிரி கீறி, 425 டிகிரி ஃபாரன்ஹீட்டில் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வை. அடியில் தட்டினால் உள்ளே வெற்றாக இருப்பதுபோல் சத்தம் வரவேண்டும். வெண்ணெய் தாராளமாகத் தடவி, ஆபீஸ் தோழிகளுக்கும் கொடு. முடிந்தால் அவர்களையும் காலையிலேயே வெசி தெருவுக்குக் கூட்டிப் போ.

அந்த நாய்களைப் படம் எடுத்து அனுப்பு. அப்பா இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அன்புடன்,
அம்மா