ஒரே விசிட்டுக்கு இரண்டு பில்: மெடிகேர் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் முதியோர், ஏழைகள் முதலானோருக்கான அரசு மருத்துவக் காப்பீடுகளான மெடிகேர், மெடிக்கெய்டு ஆகியவற்றின் சேவை மையத்தில் விதி எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் எழுதும் விதிகளைச் சென்னையில் நைட் ஷிப்டில் உட்கார்ந்து, டாக்டர்கள் பணம் கேட்டு அனுப்பும் கிளைம்களோடு பொருத்திப் பார்த்து, சிகிச்சைக்குக் கோட் எண் போடும் மெடிக்கல் கோடர்களில் நானும் ஒருவன். கூட வேலை செய்கிறவர்களும் படிக்கட்டும் என்று தமிழில் எழுதுகிறேன்.

டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 30 நாள் கவனிப்புக்கு 2013 முதல் 99495, 99496 என்ற இரண்டு கோட்களுக்குப் பணம் தருகிறீர்கள். நல்ல ஏற்பாடு. நோயாளி வீடு திரும்பிய இரண்டு வேலை நாளுக்குள் போனிலோ இமெயிலிலோ நேரிலோ தொடர்புகொள்ள வேண்டும். மிகச் சிக்கலான கேஸ் என்றால் 7 நாளுக்குள், நடுத்தரம் என்றால் 14 நாளுக்குள் நேரில் பார்க்க வேண்டும். அதற்குள் மருந்துப் பட்டியலையும் சரிபார்த்துவிட வேண்டும். முன்பெல்லாம் 30 நாள் முடியும்வரை கிளைம் அனுப்ப முடியாது; 2016-ல் அதைத் தளர்த்தி, நேரில் பார்த்த தேதியிலேயே பில் போடலாம் என்றீர்கள். அதற்கு நன்றி.

சிக்கல் கிளினிக் யாருடையது என்பதில் இருக்கிறது. டாக்டரின் சொந்த கிளினிக் என்றால், சிகிச்சை நடந்த இடத்தைச் சொல்லும் இடக் குறியீடு 11, ஒரே கிளைம். அதே கிளினிக்கை ஒரு மருத்துவமனை வாங்கித் தன் வெளிநோயாளர் பிரிவாக மாற்றிவிட்டால் குறியீடு 19 (மருத்துவமனை வளாகத்துக்கு வெளியே) அல்லது 22 (உள்ளே). டாக்டருக்குக் குறைந்த கட்டணம், மருத்துவமனை தன் பங்குக்குத் தனி கிளைம். நோயாளி உட்கார்ந்த நாற்காலிகூட மாறியிருக்காது, ஆனால் இரண்டு பில்லிலும் அவர் கட்ட வேண்டிய பங்கு தனித்தனியாக விழும். அந்தப் பங்கைக் கட்டும் துணைக் காப்பீடு இருப்பவருக்கு இது பெரும்பாலும் தெரியவே தெரியாது. இல்லாதவர்தான் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திகைக்கிறார்.

நோயாளியின் பங்கை ரத்து செய்யுங்கள் என்று கேட்கவில்லை. அது சட்டத்தில் இருப்பது, நாடாளுமன்றத்தின் வேலை. நான் கேட்பது சின்ன விஷயம். மருத்துவமனை வளாகத்துக்கு வெளியே உள்ள பிரிவுகள், நோயாளி எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும் என்று ஏற்கெனவே விதி வைத்திருக்கிறீர்கள். வளாகத்துக்குள் இருக்கும் பிரிவுக்கு மட்டும் ஏன் விலக்கு? இந்தச் சேவையில் இரண்டு வேலை நாளுக்குள் நோயாளியைத் தொடர்புகொள்வது எப்படியும் கட்டாயம், பெரும்பாலும் போனில். அந்த அழைப்பிலேயே "உங்களுக்கு இரண்டு பில் வரும், தோராயமாக இவ்வளவு" என்று சொல்லி, சொன்னதைப் பதிவு செய்ய வைத்தால் போதும். பணத்துக்குப் பயந்து விசிட்டைத் தவிர்க்க நினைப்பவர் துணைக் காப்பீட்டைப் பற்றியோ வேறு உதவியைப் பற்றியோ அப்போதே கேட்கலாம்.

அப்புறம் இன்னொன்று. அந்த 30 நாளுக்கு ஒருவருக்குத்தான் பணம், அதுவும் முதலில் கிளைம் அனுப்பியவருக்கு. ஆஸ்பத்திரியில் பார்த்த ஸ்பெஷலிஸ்ட் முந்திக்கொண்டால், நர்ஸ் மூலம் அழைத்துப் பேசி, மருந்தெல்லாம் சரிபார்த்த குடும்ப டாக்டரின் கிளைம் திரும்பி வந்துவிடுகிறது. அது ஏன் திரும்பியது என்று தேடுவது எங்கள் வேலை, சம்பளம் வாங்குகிறோம், சரி. ஆனால் அந்த 30 நாள் ஏற்கெனவே பில் ஆகிவிட்டதா என்று அனுப்பும் முன்பே எளிதாகப் பார்க்க ஒரு வழி வேண்டும்.

அடுத்த ஆண்டுக்கான விதி வரைவு வெளிவந்ததும் இந்த இரண்டையும் ஆங்கிலத்தில் முறைப்படி கருத்தாக அனுப்புவேன்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு மெடிக்கல் கோடர்