காபிக் குழுவில் சேரப்போகும் மாப்ளைக்கு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. நாலு பக்கம் கைப்பட எழுதியிருக்கிறாய், பென்ஷன் வாங்க ஆரம்பித்ததும் பழைய ஆள் திரும்பி வந்துவிட்டான் என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், வாராவாரம் வருகிறேன் என்றவள் மாதத்துக்கு ஒரு தரம் வருகிறாள். ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. காபிப் பழம் சிவக்கத் தொடங்கிவிட்டது, எடுப்புக்கு ஆள் பிடிப்பதுதான் வழக்கம்போல் பெரும்பாடு.

இங்கே ஏற்காட்டு மலையில் நாகலூர் பக்கம் நீ வாங்கிய மூன்று ஏக்கரைப் போய்ப் பார்த்தேன். இடம் நல்ல இடம். சில்வர் ஓக்கில் மிளகு ஏற்றியிருக்கிறார்கள், காபி பெரும்பாலும் அரபிகா வகை, கிளை கழித்துக் கவாத்துப் பார்த்து வெகு நாளாகியிருக்கும் போலிருக்கிறது. ஒரு மூலையில் நிழல் மரத்தை எல்லாம் வெட்டி விற்றிருக்கிறார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. மற்றதை நேரில் பேசுவோம்.

இப்போது நீ கேட்ட விஷயம். எங்கள் மலைக் காபிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் உன்னைச் சேர்த்துவிடச் சொல்லியிருக்கிறாய். தாராளமாகச் சேர்க்கிறேன். ஆனால் சேர்ப்பதற்கு முன்னால் கொஞ்சம் பேசிவிடுவது நல்லது, ஏனென்றால் உன்னைக் கொண்டுவந்தவன் நான் என்று எல்லோருக்கும் தெரியும், நாளைக்கு நீ ஏதாவது செய்தால் என்னைத்தான் கேட்பார்கள், உன் வாயைப் பற்றி எனக்குக் கல்லூரியிலிருந்தே தெரியும்.

குழுவில் பல நூறு பேர் இருக்கிறோம். கேள்வி கேட்பவர்கள் நிறைய. வேடிக்கை பார்ப்பவர்கள் அதைவிட நிறைய. உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொல்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தால் அதிகம். ஒருவர் எஸ்டேட்டில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற ரைட்டர், ஒருவர் விவசாயம் படித்துவிட்டு நர்சரி வைத்திருக்கும் இளம்பெண், ரெண்டு மூன்று பேர் இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த மலையாளிப் பழங்குடிப் பெரியவர்கள் (கேரளத்துக்காரர்கள் இல்லை). இவர்களுக்கு இதில் பத்துப் பைசா வருமானம் கிடையாது. ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற நேரத்தில் யாரோ ஒருவருடைய செடியைப் பற்றி யோசித்துப் பதில் எழுதுகிறார்கள். அவர்களுக்குச் சலித்துப் போனால் சண்டை எல்லாம் போடமாட்டார்கள். பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள், அப்புறம் ஒரு நாள் போய்விடுவார்கள். 2022-லிருந்து வாட்ஸ்அப்பில் யாராவது குழுவை விட்டுப் போனால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்புப் போகிறது, மற்றவர்களுக்குத் தேடிப் பார்த்தால் ஒழியப் போனதே தெரியாது. பல மாதம் கழித்து ஒரு கேள்விக்குப் பதில் வராதபோதுதான் "அவரைக் காணோமே" என்று தேடுவோம். நான் கீழே எழுதுவது எல்லாமே இந்த ஏழெட்டுப் பேரை ஓடிப்போக விடாமல் வைத்திருப்பதற்காகத்தான். வேறு மரியாதை சம்பிரதாயம் எல்லாம் எனக்குப் பெரிதில்லை.

வந்ததும் பேசாதே. ரெண்டு வரியில் நீ யார், தோட்டம் எந்தப் பக்கம், எத்தனை ஏக்கர் என்று சொல்லிவிட்டுப் படி. பெங்களூரில் என்ன பதவியில் இருந்தாய், உனக்குக் கீழே எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்பது எல்லாம் அங்கே யாருக்கும் வேண்டாம். உன் கம்ப்யூட்டர் உலகத்திலேயே இதைச் சொல்லி வைத்திருக்கிறார்கள், மறந்திருப்பாய். 1995 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நடத்தைக் குறிப்பில், மடற்குழுவிலோ செய்திக் குழுவிலோ எதையும் எழுதுவதற்கு முன் ஒன்றிரண்டு மாதம் வெறுமனே படி என்று இருக்கிறது. கோபத்தில் எழுதும் பதிலை ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பு என்றும் அதிலேயே இருக்கிறது. இன்டெல்லில் இருந்த சாலி ஹாம்ப்ரிட்ஜ் என்ற அம்மையார் தொகுத்தது. முப்பது வருஷம் ஆகியும் அதைவிட நல்ல புத்தி சொன்னவர்களை நான் பார்க்கவில்லை.

அதற்கும் முன்னால் யூஸ்நெட் என்று ஓர் இணைய விவாதக் களம் இருந்தது, நீதான் எனக்கு ஒரு தடவை சொன்னாய். ஒவ்வொரு செப்டம்பரிலும் அமெரிக்கக் கல்லூரிகளில் புதுப் பையன்கள் சேர்ந்து உள்ளே வருவார்கள், கொஞ்ச நாள் கூச்சலாக இருக்கும், பழையவர்கள் சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்க அடங்கிவிடும். 1993-க்குப் பிறகு அமெரிக்கா ஆன்லைன் போன்ற நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு எல்லாம் கதவைத் திறந்துவிட, வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் போதவில்லை, அந்தச் செப்டம்பர் முடியவே இல்லை என்று பழைய ஆட்கள் புலம்பினார்கள். எங்கள் குழுவுக்கு அந்தச் செப்டம்பர் இப்போது வந்திருக்கிறது. 2025 தொடக்கத்தில் உலகச் சந்தையில் அரபிகா விலை அதுவரை காணாத உயரத்துக்குப் போனதும், சேலத்தில் இருந்தபடியே காபித் தோட்டம் வாங்கப் போகிறவர்கள் எல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள். "ஏக்கருக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு கேள்வி இல்லை. நீயும் அந்த அலையில்தான் வருகிறாய், கோபித்துக்கொள்ளாதே.

கேள்வி கேட்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். போன மாதம் ஒரு புதியவர் எழுதினார்: "செடி வாடுது, என்ன மருந்து அடிக்கலாம்? அவசரம்." அவ்வளவுதான். பதில் சொல்கிறவர் இனிமேல் போலீஸ் மாதிரி விசாரிக்கவேண்டும். அரபிகாவா ரொபஸ்டாவா? அரபிகா என்றால் எந்த ரகம், எஸ்.795-ஆ, காவேரியா, சந்திரகிரியா? என்ன வயது? வெயில் படும் இடமா? ஒரு செடியா, வரிசையாகவா? இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் அரை நாள் கழித்து ஒற்றைச் சொல்லில் பதில் வாங்கி, மூன்றாம் நாள்தான் விஷயம் வெளியே வந்தது. தண்டில் மேடு மேடாக ஓடியிருந்தது, வெள்ளைத் தண்டு துளைப்பான் என்ற பூச்சி. அதுதான் என்று தெரிந்துவிட்டால் பதில் ஒரு நிமிஷ வேலை. மருந்து தேடிப் பிரயோசனம் இல்லை, புழு தண்டுக்குள்ளே போய்விட்டது, செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் புழு வண்டாகி வெளியே வந்து பக்கத்துச் செடியின் பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். ரொபஸ்டாவாக இருந்தால் பேச்சே வேறு, அதை இந்தப் பூச்சி அநேகமாகத் தொடுவதில்லை. வகை என்ன என்ற ஒரே ஒரு சொல்லை முதலிலேயே எழுதியிருந்தால் பாதி விசாரணை மிச்சமாகியிருக்கும்.

அதனால் நீ கேட்கும்போது வகை, வயது, உயரம், நிழல், எப்போதிலிருந்து, இதுவரை என்ன செய்தாய், இதெல்லாம் ஒரே செய்தியில் வரட்டும். இலையை மட்டும் படம் எடுத்துப் போடாதே. தண்டு, இலையின் அடிப்பக்கம், முழுச் செடி, மூன்றும் வேண்டும். இலைத்துரு நோயின் மஞ்சள் பொடி இலைக்கு அடியில்தான் இருக்கும், மேலே எடுத்த படத்தைப் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. (விற்றவர்கள் நிழல் மரம் வெட்டிய அந்த மூலையைப் பற்றித்தான் நீ முதலில் கேட்பாய் என்று நினைக்கிறேன். தண்டு துளைப்பானுக்கு வெயில் பட்ட தண்டுதான் பிடிக்கும், இப்போது ஐப்பசி, வண்டு பறக்கிற காலமும்கூட. வந்ததும் அங்கே பார்.)

கேட்பதற்கு முன் குழுவிலேயே தேடிப் பார். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820-களில் இந்த மலையில் காபியைக் கொண்டுவந்த நாளிலிருந்து கேட்கப்படும் கேள்விகளை நீதான் முதலில் கேட்பதாக நினைத்துக்கொள்ளாதே. இலைத்துருவுக்கு அடிக்கும் போர்டோ கலவை எப்படிப் போடுவது என்று மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழைக்குப் பின்னால் ஒரு தடவை, வருஷா வருஷம் கேட்கிறார்கள். ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு, 200 லிட்டர் தண்ணீர், அரை சதவீதக் கலவை. தனித்தனியாகக் கரைத்துச் சேர்த்து, பளபளப்பான கத்தியை முக்கிப் பார்த்து, கத்தியில் செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு, கலக்கிய அன்றே அடித்துவிட வேண்டும். ரைட்டர் அண்ணன் இதை எத்தனை தடவை எழுதியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. தேடினால் கிடைக்கும், ஆனால் ஒருவர் போர்டோ என்பார், ஒருவர் போர்டா என்பார், ஒருவர் மயில்துத்தம் என்று மட்டும் எழுதியிருப்பார், நாலு விதமாகத் தட்டிப் பார்க்கவேண்டும். கிடைக்கவில்லை என்றால் "தேடினேன், இது மட்டும் புரியவில்லை" என்று கேள், அந்த ஒரு வரிக்கே நல்ல பதில் வரும்.

இன்னொன்று, பெரும்பாலானோர் செய்யாதது. பதில் கிடைத்த பிறகு காணாமல் போகாதே. கை கூப்பும் படம் ஒன்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். சொன்னதைச் செய்தாயா, என்ன ஆச்சு, செடி பிழைத்ததா செத்ததா என்று மூன்று வாரம் கழித்து வந்து எழுது. பதில் சொன்னவருக்கு அதைவிட வேறு கூலி இல்லை. பலிக்கவில்லை என்றாலும் எழுது, சொல்லப்போனால் அதுதான் அதிகம் உதவும்.

மரியாதை விஷயம். நீ எனக்கு மாப்ளே, அங்கே எல்லோரும் உனக்கு "வாங்க, போங்க"தான். நர்சரிக்காரப் பெண் உன் மகள் வயதுதான், அதற்காக "என்னம்மா சொல்றே" என்று ஆரம்பிக்காதே, அவர் சொல்வது உனக்கு மூன்று ஏக்கரைக் காப்பாற்றும். குழுவில் எல்லோருடைய நம்பரும் தெரியும் என்பதற்காகத் தனியே கூப்பிடவும் கூடாது. போன வருஷம் ஒருவர் அந்தப் பெண்ணுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் "ஒரு சின்ன சந்தேகம்" என்று தொடர்ந்து அனுப்பி, அவர் கொஞ்ச காலம் குழுப் பக்கமே வரவில்லை. நஷ்டம் எங்களுக்குத்தான். தனியாகக் கேட்டே ஆகவேண்டும் என்றால் காபி வாரியத்தின் ஏற்காடு அலுவலகம் இருக்கிறது, அவர்களுடைய வேலையே அது, பகல் நேரத்தில் நேரில் போ.

மலைப் பெரியவர்கள் எழுதும் தமிழில் ஒற்றுப் பிழை இருக்கும், ஒரு வரியில் மூன்று விஷயம் இருக்கும். உனக்குப் பிழை திருத்தும் கை அரிக்கும், எனக்குத் தெரியும், அடக்கிக்கொள். அவர்களில் ஒருவர் "இந்த வருசம் பூ எடுக்கிற மழை தாமசம்" என்று எழுதினால் நான் செடிக்குத் தண்ணீர் அடிக்கப் பம்பைத் துடைத்துத் தயாராக வைத்துவிடுவேன். அவர்கள் இருக்கும் இடத்தில் முழுக்க ஆங்கிலத்தில் எழுதுவதும் முகத்தைத் திருப்பிக்கொள்வது மாதிரிதான்.

கத்தாதே. ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போட்டால் கத்துவதாக அர்த்தம், தமிழில் அந்த வசதி இல்லாததால் நம் ஆட்கள் ஏழு ஆச்சரியக்குறியும் சிவந்த முகமும் போடுகிறார்கள். குரல் பதிவு நாலு நிமிஷத்துக்கு அனுப்பாதே, பெரிய வீடியோ போடாதே. கொண்டை ஊசி வளைவு இருபதையும் தாண்டி மேலே வந்தபின் சிக்னல் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும், பாதிப் பேருக்குத் திறக்காது. காலை வணக்கப் படம், கட்சி, சாதி, பம்பு விளம்பரம் பற்றி எல்லாம் நான் சொல்லவேண்டியதில்லை.

ஃபார்வர்டு பற்றி மட்டும் சொல்கிறேன். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் இங்கே பாதை எல்லாம் மண் சரிந்து கிடந்தபோது, சேலம் பாதை திறந்திருக்கிறதா, குப்பனூர் வழி போகலாமா என்று எல்லோரும் தவித்துக்கொண்டிருந்தோம். ஒருவர் வீட்டில் டயாலிசிஸ் நோயாளி வேறு. அந்த நேரத்தில் சேர்ந்து ரெண்டு வாரமே ஆன ஒருவர் வேறு எங்கோ எப்போதோ நடந்த மலைச்சரிவு வீடியோக்களை "ஏற்காட்டில் இப்போது" என்று வரிசையாகத் தள்ளிக்கொண்டிருந்தார். பாதையை நேரில் பார்த்துவிட்டு வந்தவர் எழுதிய ஒரு வரி அதற்குள் புதைந்து போனது. இரட்டை அம்புக்குறி போட்டு வருவது பலமுறை கை மாறியது என்று அந்த வாட்ஸ்அப்பே சொல்கிறது, 2020-லிருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும். அந்த ஒருவராக எங்கள் குழு இருக்கவேண்டாம்.

மறுத்துப் பேசக்கூடாது என்று சொல்லவில்லை. பேசு. ரைட்டர் அண்ணனே சில விஷயத்தில் பழைய காலத்து ஆள், ரசாயன உரம் பற்றி நானே அவரோடு வாதாடியிருக்கிறேன். அவர் எழுதிய அந்தச் செய்தியையே இழுத்துப் பதில் போட்டு, எந்த வரி என்று சொல்லி, உன் தோட்டத்தில் நீ பார்த்ததைச் சொல். யூடியூபில் பார்த்ததை வைத்து மோதாதே. தவறாகத் தட்டிவிட்டால் 15 நிமிஷத்துக்குள் திருத்திக்கொள்ளலாம், பின்னாலேயே பத்துச் செய்தியில் விளக்கம் கொடுக்கவேண்டாம்.

சரி, சொல்ல வந்ததைவிட அதிகமாகவே எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அட்மினிடம் பேசிச் சேர்க்கச் சொல்கிறேன். தீபாவளிக்கு முன்னால் ஏறி வருகிறாயா? வந்தால் வழியில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ரெண்டு கிலோ மயில்துத்தம் வாங்கிக்கொண்டு வா, மழை விட்டதும் எனக்கும் அடிக்கவேண்டும், உனக்கும் அடிக்கவேண்டும். பில் வாங்க மறக்காதே, போன தடவை மாதிரி கணக்கில் தகராறு வேண்டாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
மலைக்காரன்