கத்தி தயாரிக்கிறவர்களே, உறையையும் சேர்த்து எடை போடுங்கள்

கத்தி தயாரிக்கும் நிறுவனங்களுக்கும் அவற்றுக்கு விளம்பரம் எழுதுபவர்களுக்கும் வணக்கம்.

கூடாரம், படுக்கை, அடுப்பு, சாப்பாடு எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிக்கொண்டு நாள்கணக்கில் நடக்கிறவர்கள் நாங்கள். எடை குறையுமே என்று பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பையே பாதியாக நறுக்குகிற கூட்டம். எங்களிடம் வந்து 6 மில்லிமீட்டர் தடிமனில், முதுகில் ரம்பப் பல்லும் பிடிக்குள் திசைகாட்டியும் வைத்த அரைக் கிலோ இரும்பை ‘உயிர்காக்கும் கத்தி’ என்று விற்கிறீர்களே, நியாயமா?

முகாமில் கத்திக்கு என்ன பெரிய வேலை? பொட்டலம் பிரிக்க, கயிறு அறுக்க, காய் நறுக்க, கொப்புளத்துக்கு டேப் வெட்ட, மழை நாளில் ஈரக் குச்சியைச் சீவி உள்ளே இருக்கும் காய்ந்த மரத்தை எடுக்க, அவ்வளவுதான். கேஸ் அடுப்பில் சமைக்கிறவர் விறகு பிளக்கப் போவதே இல்லை. இதற்கெல்லாம் வெட்டும் அலகு 7, 8 சென்டிமீட்டர் நீளம் இருந்தால் தாராளம். தடித்த கத்தி காயை நறுக்காது, பிளந்துதான் போடும்.

உங்களில் சிலருக்கு இது நன்றாகவே தெரியும். ஒபினெல் 8-ஆம் எண் மடக்குக் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர் நீளம், எடை ஏறத்தாழ 50 கிராம். (மரப்பிடி நனைந்தால் ஊதிக்கொண்டு திறக்க அடம்பிடிக்கும், அது வேறு கதை.) மோராவின் கம்பானியன் 2.5 மில்லிமீட்டர் தடிமன்தான், மடக்க முடியாத ஒரே துண்டு என்பதால் மூட்டுக்குள் சாப்பாடு போய் அடைகிற தொல்லை இல்லை. விக்டரினாக்ஸ் கிளாசிக் மடக்கினால் 58 மில்லிமீட்டர், 20 கிராமை ஒட்டிய எடை, அதில் கத்தரிக்கோலும் உண்டு. உண்மையைச் சொன்னால் பாதிப் பேருக்கு அதுவே போதும்.

சரி, கேட்பது இதுதான். எடையை உறையோடு சேர்த்துச் சொல்லுங்கள், உறையைக் கழற்றி வைத்துவிட்டு யாரும் நடப்பதில்லை. கத்தி முதுகின் தடிமனையும் போடுங்கள். ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்று மழுப்பாமல் எஃகின் ரகத்தையும், அது எவ்வளவு கடினம் என்று சொல்லும் ராக்வெல் எண்ணையும் அச்சிடுங்கள். 62, 63 என்று பெருமையாகப் போடுகிற எஃகு கூர்மையை நீண்ட நாள் வைத்திருக்கும், ஆனால் மழுங்கிவிட்டால் வழியில் ஒரு சின்னக் கல்லை வைத்துத் தீட்டுவதற்குள் கை ஓய்ந்துவிடும். 56, 58 என்றால் நாலு இழுப்பில் சரியாகும். கார்பன் ஸ்டீலா, துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் துருப்பிடிக்கும் என்று பெட்டியிலேயே சொல்லுங்கள்.

அப்புறம் இந்தக் கறுப்பு, ராணுவப் பச்சைப் பிடிகள். சருகுக்குள் விழுந்தால் தேடுவது நாங்கள்தானே? ஆரஞ்சு நிறத்தில் கொடுங்கள். விமானத்தில் கைப்பையில் கத்தி கூடாது, சரக்குப் பெட்டியில்தான் போக வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டும் வையுங்கள். அலகின் நீளத்துக்கும், திறந்த மடக்குக் கத்தி மூடிவிடாமல் பிடிக்கிற பூட்டுக்கும் நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

திசைகாட்டியை எடுத்துவிடலாம். அதற்கு ஆகிற செலவில், தலைகீழாகப் பிடித்து உதறினாலும் கத்தி நழுவாத ஓர் உறையைச் செய்துகொடுங்கள்.