எது ஆவணம், எது கற்பனை என்று எங்கள் காதுக்குச் சொல்லுங்கள்: தமிழ் ஒலிநூல் வெளியீட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒலிநூல் வெளியீட்டாளர்களுக்கும், அவற்றுக்கு எழுதித் தருபவர்களுக்கும், குரல் கொடுப்பவர்களுக்கும்,

வணக்கம். வரலாற்றையும் உண்மைக் குற்ற வழக்குகளையும் தமிழில் தொடர்ந்து கேட்டுவருபவன் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். ஒரு காலத்தில் தமிழ் ஒலிநூல் என்றால் புகழ்பெற்ற நாவல்களின் குறுந்தகடுகளைத்தான் தேட வேண்டியிருந்தது. இன்று சந்தா கட்டினால் சோழர் வரலாறு முதல் சென்னையின் பழைய கொலை வழக்குகள் வரை கைப்பேசியிலேயே கேட்க முடிகிறது. நெடுந்தூரம் வண்டி ஓட்டுபவர்களுக்கும், இரவுக் காவல் பணியில் இருப்பவர்களுக்கும், கண்பார்வை மங்கிவிட்ட முதியவர்களுக்கும் இது எவ்வளவு பெரிய கொடை என்பதை நன்கறிவேன். அந்தக் கொடையின் மீதுள்ள அக்கறையினால் ஒரே ஒரு கோரிக்கையைச் சற்று விரிவாக முன்வைக்கிறேன். நாங்கள் கேட்பதில் எது ஆவணம், எது ஊகம், எது எழுதியவரின் கற்பனை என்பதை எங்கள் காதுக்குத் தெரியும்படி சொல்லுங்கள்.

அச்சு நூலில் இந்த வேறுபாட்டைக் கண்ணே பார்த்துக்கொள்கிறது. ஒருவர் சொன்னது மேற்கோள் குறிக்குள் நிற்கும். சான்று பக்கத்தின் அடியிலோ நூலின் கடைசியிலோ இருக்கும். ஐயம் எழுந்தால் வாசகர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்வார். ஒலியில் இவை எதுவும் இல்லை. நீதிமன்றத்தில் சாட்சி சத்தியம் செய்து சொன்ன வாக்கியமும், எழுத்தாளர் நேற்று எழுதிச் சேர்த்த வாக்கியமும் ஒரே குரலில், ஒரே ஏற்ற இறக்கத்துடன் வந்து சேர்கின்றன. நல்ல குரலாக இருந்தால் இரண்டாவதைத்தான் நாங்கள் அதிகம் நம்புகிறோம்.

சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் வரலாறும் குற்றமும் சந்திக்கும் மிகப் பழைய வழக்குகளில் அது ஒன்று. அதற்கு நம்மிடம் உள்ள முதன்மையான சான்று, காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் அக்கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவர்களுடைய உடைமைகளும் உறவினருடைய உடைமைகளும் பறிமுதல் செய்யப்பட்டதைப் பற்றிப் பேசுகிறது. கொலை எந்த அறையில் நடந்தது, யார் வாளை வீசினார்கள், இளவரசன் கடைசியாக என்ன சொன்னான் என்பவற்றில் எதையும் அது சொல்லவில்லை. அது நிலத்தைப் பற்றிய ஆவணம். கொலைக்குப் பின்னால் யார் இருந்தார் என்பதில் வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி, பின்னர் அரியணை ஏறிய உத்தம சோழரை ஐயுற்றார்; தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை.

இந்தக் கருத்துவேறுபாடு எவ்வளவு சுவையானது! ஒரு கல்வெட்டின் சில வரிகளை வைத்துக்கொண்டு இரு பெரும் அறிஞர்கள் எதிரெதிர் முடிவுக்கு வந்ததை விளக்கினாலே ஒரு மணி நேரம் நாங்கள் அசையாமல் கேட்போம். ஆனால் 'வரலாறு' என்ற பிரிவில் நான் கேட்ட சில ஒலித்தொகுப்புகளில் நந்தினி வருகிறாள், அவளுடைய பழிவாங்கும் திட்டம் நடந்த செய்தியாகவே வருகிறது. நந்தினி, 'பொன்னியின் செல்வன்' நாவலில் கல்கி படைத்த பாத்திரம். அவர் எழுதியது நாவல் என்பதை அவர் மறைக்கவில்லை. அதை வரலாறாக மாற்றியது பின்னால் வந்தவர்களின் கவனக்குறைவு. பள்ளிப் பிள்ளைகளும் இவற்றைக் கேட்கிறார்கள் என்பதால் இதைச் சிறிய பிழையாக ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை.

அண்மைக்கால வழக்குகளில் இதன் விளைவு இன்னும் கடுமையானது, ஏனெனில் அங்கே ஒரு மனிதரின் நற்பெயர் இருக்கிறது. 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரிப் பகுதியில் ரிக்‌ஷாவில் சென்றுகொண்டிருந்த சி. என். லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். திரைத்துறையினரின் அந்தரங்கங்களை எழுதிவந்த 'இந்து நேசன்' இதழின் ஆசிரியர் அவர். அன்றைய புகழ்பெற்ற திரை நடிகர்களான எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டார்கள். 1945இல் இருவருக்கும் தீவாந்தர தண்டனை (வாழ்நாள் நாடுகடத்தல்) விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு தோற்றது. அன்று இந்தியாவுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்கும்படி உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டார்கள். லட்சுமிகாந்தனைக் கொன்றது யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை.

நிறுவப்படாத இந்த இடத்தில்தான் ஒலித்தொகுப்புகள் துணிந்து நுழைகின்றன. நான் கேட்ட ஒன்றில் ஓர் அறைக்குள் சிலர் கூடிச் சதி பேசுகிறார்கள், நாற்காலி இழுக்கும் ஓசை கேட்கிறது, ஒருவர் தாழ்ந்த குரலில் பணத்தைப் பற்றிச் சொல்கிறார், இன்னொருவர் சிரிக்கிறார். மேல்முறையீட்டின் முடிவில் நீதிமன்றம் ஏற்காத ஒரு கூற்றை, நடிப்பும் ஓசையும் சேர்த்து, நேரில் கேட்டதைப் போல நம் மனத்தில் பதித்துவிடுகிறார்கள். கடைசி அத்தியாயத்தில் அவர்கள் விடுவிக்கப்பட்டதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுவதால் இது சரியாகிவிடாது. மூன்றாவது அத்தியாயத்தில் கேட்ட சிரிப்பு காதிலேயே தங்கிவிடுகிறது. இரண்டு கலைஞர்கள் வாழ்க்கையின் நல்ல ஆண்டுகளைச் சிறையில் இழந்து, சட்டத்தின் முன் தூய்மையானவர்களாக வெளியே வந்தார்கள். அவர்களை நாம் ஒவ்வொரு முறையும் மீண்டும் கூண்டில் ஏற்றுகிறோம்.

இவ்வளவுக்கும் அந்த வழக்கைச் சுவையாக்கக் கற்பனை எதுவும் தேவையில்லை. பாகவதர் சிறையில் இருந்தபோதும், அவர் நடித்து 1944 தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' படம் சென்னை பிராட்வே திரையரங்கில் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே ஒரு நகரமே அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்க, அவர் சிறைக்குள் இருந்தார். இந்த உண்மைக்கு எந்த ஓசையைச் சேர்த்து மெருகூட்ட முடியும்?

1952ஆம் ஆண்டின் ஆளவந்தார் கொலை வழக்கையும் சுருக்கமாகக் குறிப்பிட வேண்டும். போட் மெயில் ரயிலில் தலையில்லாத உடலுடன் ஒரு டிரங்குப் பெட்டி, ராயபுரம் கடற்கரையில் தலை என்று அது தொடங்குகிறது. இரண்டும் ஒரே மனிதருடையவை என்பதை மருத்துவர்களும் காவல்துறையினரும் அன்றைய வசதிகளைக் கொண்டு படிப்படியாக நிறுவிய விதமே அவ்வழக்கின் பெருமை. ஒலித்தொகுப்புகளோ அதை இரண்டு நிமிடத்தில் கடந்துவிட்டு, வெட்டியதையும் வழக்கில் சிக்கிய பெண்ணின் ஒழுக்கத்தையும் பற்றி நெடுநேரம் பேசுகின்றன. அந்தப் பெண்ணுக்கு இன்று மறுமொழி சொல்ல வழியில்லை.

சட்டமும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறது, அதுவும் ஒரு தமிழ்க் குற்றக் கதையை ஒட்டியே. தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிடுவது தொடர்பான வழக்கில், 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை உங்கள் நிறுவனங்களில் உள்ள ஒவ்வோர் எழுத்தாளரும் படிக்க வேண்டும். பொது ஆவணங்களில் உள்ளதை ஒருவருடைய ஒப்புதல் இல்லாமலேயே வெளியிடலாம் என்று நீதிமன்றம் கூறியது. அரசு அதிகாரிகள் அதை முன்கூட்டியே தடுக்க முடியாது என்றும் கூறியது. ஆவணத்தைத் தாண்டி ஒருவரின் சொந்த வாழ்க்கைக்குள் போனால் அது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவதாகலாம் என்றும், அதன் விளைவுக்கு வெளியிட்டவரே பொறுப்பு என்றும் எச்சரித்தது. பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயர் ஆவணத்திலேயே இருந்தாலும் அதை விளம்பரப்படுத்தி அவளை மேலும் இழிவுக்கு உள்ளாக்கக் கூடாது என்று ஒரு விலக்கையும் வைத்தது. எழுதுபவருக்கு இவ்வளவு பரந்த உரிமையைத் தந்த அதே தீர்ப்பு, ஆவணத்தின் எல்லையைத்தான் கோடாகக் கிழித்தது. நான் கேட்பதும் அந்தக் கோட்டைத்தான்.

இதை ஒலியில் செய்வது கடினமன்று. நூலின் தொடக்கத்தில் எந்தெந்த ஆவணங்களைப் பார்த்து எழுதினோம் என்பதை ஒரு நிமிடம் சொல்லலாம். தீர்ப்பு, வாக்குமூலம், கடிதம், கல்வெட்டு ஆகியவற்றிலிருந்து வரும் வரிகளை இன்னொரு குரலில் வாசிக்கலாம். அந்தக் குரல் வந்தாலே இது பதிவில் உள்ளது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். ஊகிக்கும் இடத்தில் 'இப்படி நடந்திருக்கக்கூடும்' என்ற தொடரை வெட்டிவிடாமல் வாசிக்கலாம். விறுவிறுப்புக் குறையும் என்று பதிப்பாசிரியர்கள் முதலில் கை வைப்பது இத்தகைய தொடர்களில்தான் என்பது அச்சு நூலையும் அதன் ஒலி வடிவத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் விளங்கும். அச்சிலுள்ள அடிக்குறிப்புகளைக் கடைசியில் தனி அத்தியாயமாக்கிவிடலாம். வேண்டாதவர்கள் அதைக் கேட்காமல் விட்டுவிடுவார்கள். வரலாற்றுக்கும் வரலாற்று நாவலுக்கும் செயலியில் தனித்தனிப் பிரிவு வேண்டும் என்பதை வற்புறுத்தியே சொல்கிறேன்.

பின்னணி இசையைப் பற்றி ஒரு சொல். உயிரிழந்த ஒருவரின் பிணக்கூராய்வு அறிக்கை வாசிக்கப்படும்போது அதன் அடியில் முரசொலி தேவையில்லை. குரல் கொடுப்பவர்களில் பலர் மிகத் தேர்ந்தவர்கள். அவர்களுடைய நிதானமே போதுமானது. அவர்களுக்குப் பெயர்களின் ஒலிப்புக் குறிப்பையும் நூலைப் படித்துப் பார்க்கப் போதிய நாட்களையும் கொடுங்கள். அத்துடன் நூலின் தொடக்கத்தில் அவர்களுடைய பெயரையும் சொல்லுங்கள்.

இறுதியாக, நீங்கள் வெளியிட வேண்டும் என்று நான் நெடுநாளாக விரும்பும் ஒரு நூலைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு, பேசுவதைப் போன்ற நடையில் அமைந்தது. கப்பல் வந்த செய்தி, சரக்கின் விலை, ஊர்ச் சண்டை, கவர்னருடைய கோபம், 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தது என எல்லாம் அதில் இருக்கின்றன. சுருக்காமல், பழைய சொற்களை மாற்றாமல், கடினமான சொற்களுக்கு இன்னொரு குரலில் சிறு விளக்கம் தந்து, ஆண்டுக்கு ஒரு தொகுதியாக அதை வெளியிட முன்வருவீர்களானால், முதல் தொகுதிக்கே முன்பணம் கட்டக் காத்திருப்பவர்களில் நானும் ஒருவன்.

இப்படிக்கு,
தங்கள் ஒலிநூல்களைத் தொடர்ந்து கேட்டுவரும் ஒருவன்